ஒரு "கிடைக்காது" வாங்கப் போன கதை

போன வாரம் எனக்கு ஒரே ஒரு வேலைதான். சிவகாசிக்குப் போயி, ஒரு பெரிய மனுஷன் வாயால "உனக்கு டாக்டர் சீட்டு கிடைக்காது"ன்னு சொல்ல வச்சு, அதை எங்கப்பா காதுல விழ வைக்கணும்.

அம்புட்டுதான். கடைக்குப் போயி உப்பு வாங்குற மாதிரி ஒரு "கிடைக்காது" வாங்கிட்டு வரணும்.

ஊர்ல எல்லாப் பிள்ளைகளும் "கிடைக்கும்"னு யாராவது சொல்ல மாட்டாங்களான்னு அலையுதுங்க. நான் மட்டும் தலைகீழா அலைஞ்சேன். காரணம் இருக்கு.

ப்ளஸ் டூவுல மொத்தம் ஆயிரத்தி இருநூத்துக்கு ஆயிரத்தைத் தாண்டிட்டேன். எங்க பக்கம் ஆயிரத்தைத் தாண்டினா டாக்டர். அது ஒரு சட்டம். யாரு போட்டதுன்னு தெரியாது. ஆனா மெடிக்கல் சீட்டுக்கு மொத்த மார்க்கை எவனும் திரும்பிப் பாக்க மாட்டான். நுழைவுத் தேர்வை ரத்து பண்ணினதுல இருந்து எல்லாம் கட்-ஆஃப் கணக்குதான். உயிரியலை நூத்துக்கு ஆக்கு, இயற்பியலையும் வேதியியலையும் அம்பது அம்பதுக்கு ஆக்கு, கூட்டு. இருநூத்துக்கு எனக்கு வந்தது நூத்தி எழுபத்தாறரை.

தமிழும் இங்கிலீசும் என்னை ஆயிரத்துக்கு மேல தூக்கிவிட்டுச்சு. இயற்பியல் காலைப் பிடிச்சு இழுத்துருச்சு.

இந்த மார்க்கை வச்சுகிட்டு மெடிக்கல் காலேஜுக்கு எதுத்தாப்புல நின்னு டீ குடிக்கலாம். கேட்டைத் தாண்ட முடியாது. எனக்கு மூடி மறைச்சுப் பேச வராது, அதனால இதை அப்பாகிட்ட ரிசல்ட் வந்த அன்னிக்கே சொல்லிட்டேன்.

"வாயைக் கழுவு புள்ள"ன்னாரு.

எங்கப்பா மாரியப்பன், சிவகாசியில ஒரு பிரஸ்ல கட்டிங் மிஷின்ல நிக்கிறாரு. பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டுற லேபிள் பெரிய பெரிய ஷீட்டா அச்சாகி வரும். அதைக் கட்டுக் கட்டா வச்சு வெட்டுறது அவரு வேலை. அம்மா பட்டாசுக் கம்பெனிக்குப் போறாங்க. நாரணாபுரத்துல எங்க வீட்டு முக்குலதான் கம்பெனி வேன் வந்து நிக்கும். "எம் மக டாக்டருக்குப் படிக்கப் போறா"ங்கிற சேதியை அம்மா அந்த வேன்ல ஏத்திவிட்டாங்க. அது எம். புதுப்பட்டி வரைக்கும் போயித்தான் இறங்குச்சு.

அதுக்கப்புறம் காலையில நான் வாசல் தெளிக்கக்கூட முடியல. வேன் ஜன்னல்ல இருந்து மாடத்தி அக்கா கத்துவாக.

"ஏத்தா டாக்டரம்மா! முட்டி ரெண்டும் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. என்ன மாத்திரை போடலாம்?"

"அக்கா, நான் இன்னும் காலேஜ்லயே சேரல."

"சேந்த பொறவு நீ எங்கன எங்களைப் பாக்கப் போற? இப்பமே சொல்லு."

இப்படி நாடி பிடிச்சுப் பாக்கச் சொல்லி ஜன்னல் வழியா கை நீளும். டிரைவர்கூட நாக்கை நீட்டிக் காட்டினாரு.

சிரிப்பாத்தான் இருந்துச்சு. சிரிப்பு எங்கன நின்னுச்சுன்னா, விருதுநகர்ல ஒரு காலேஜ்ல பி.எஸ்ஸி. விலங்கியலுக்கு அப்ளிகேஷன் வாங்கி வச்சிருந்தேன். பூராத்தையும் நிரப்பி, போட்டோ ஒட்டி, பிளாஸ்டிக் கவர்ல போட்டாச்சு. அப்பா கையெழுத்து மட்டும் பாக்கி. அவரு போட மாட்டேன்னுட்டாரு.

"மெடிக்கலுக்குத்தான் அப்ளிகேஷன் போயிருச்சுல்ல? பொறவு எதுக்கு இது?"

"அது வராதுப்பா. இதையும் விட்டா ஒரு வருஷம் வீட்டுலதான் உக்காரணும்."

"ரெண்டு இடத்துல கேட்டா, இந்தப் புள்ளைக்கு என்னதான் வேணும்னு சாமி குழம்பிரும்."

சாமிக்கு என்னைப் பத்தி இருந்த குழப்பத்தைவிட எனக்கு அந்த அப்ளிகேஷனோட கடைசித் தேதியைப் பத்திதான் கவலை. கடைசி நாளும் வந்துச்சு. சாயங்காலம் நாலு மணிக்கு காலேஜ் ஆபீசை மூடிருவாங்க. அன்னிக்குக் காலையில நான் குதிச்ச குதியில அப்பா ஒரு உடன்பாட்டுக்கு வந்தாரு.

"நீ சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். வெவரம் தெரிஞ்ச பெரிய மனுஷன் ஒருத்தர் கிடைக்காதுன்னு சொல்லட்டும். நானே கையெழுத்துப் போட்டு, நானே விருதுநகருக்குக் கூட்டிட்டுப் போறேன்."

சரிதான், ஒரு மணி நேர வேலைன்னு நினைச்சேன்.

முதல்ல சிவகாசி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்கிற பிரவுசிங் சென்டர். அதை நடத்துற சங்கர் அண்ணன், போன வருஷம் எந்தக் காலேஜ்ல எந்தப் பிரிவுக்கு எந்த மார்க்கோட சீட்டு முடிஞ்சுச்சுன்னு மொத்தத்தையும் கம்ப்யூட்டர்ல இறக்கி வச்சிருந்தாரு. மார்க்கைச் சொன்னா சான்ஸைச் சொல்லுவாரு. கிளி ஜோசியம் மாதிரி. கிளிதான் இல்ல.

அப்பாவை மொபெட்டோட வெளியில நிக்க வச்சுட்டு நான் மட்டும் உள்ள போனேன். முதல்ல சரக்கு இருக்கான்னு பாத்துக்கணும்ல?

மார்க்கைச் சொன்னேன். தட்டினாரு. திரையைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு.

"வராதும்மா."

"நெசமாவா?"

"பக்கத்துலகூட வராது. வெயிட்டிங் லிஸ்ட்டுக்கு ஒரு வெயிட்டிங் லிஸ்ட் போட்டா, அதுல வேணா கடைசியில பேரு வரும்."

எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே! ரிசல்ட் பாத்தப்பகூட அப்படி ஒரு சந்தோஷம் வரல.

"அண்ணே, இதையே எங்கப்பாகிட்ட ஒரு தடவை சொல்லிருங்க. ஒரு வார்த்தைகூட மாத்தாம."

"அதுக்கென்ன, கூப்பிடு."

அப்பா வந்தாரு. தோள்ல கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்துல வச்சுகிட்டு, சாமி முன்னாடி நிக்கிற மாதிரி கம்ப்யூட்டர் முன்னாடி கையைக் கட்டிகிட்டு நின்னாரு.

"தம்பி, எம் புள்ளைக்குக் கிடைச்சிரும்ல?"

சங்கர் அண்ணன் அப்பா மூஞ்சியைப் பாத்தாரு. நான் அப்பாவுக்குப் பின்னாடி நின்னு "சொல்லுங்க, சொல்லுங்க"ன்னு கையைக் காட்டினேன்.

"அது வந்துண்ணே... சான்ஸ் இருக்கு."

"அண்ணே!"ன்னு கத்திட்டேன்.

"இல்லம்மா, சீட்டைக் கூட்டினாலும் கூட்டுவாக. புதுசா காலேஜ் திறந்தாலும் திறப்பாக. உனக்கு முன்னாடி நிக்கிறவுக எல்லாம் எஞ்சினியரிங் போயிட்டா..."

"எல்லாருமா?"

"ஏன், போகக் கூடாதா?"

அப்பா என்னைத் திரும்பிப் பாத்தாரு. அந்த அண்ணனுக்கு ஒரு டீ சொன்னாரு. எனக்குச் சொல்லல.

வெளியில வரும்போது சங்கர் அண்ணன் என் காதுல, "மூஞ்சியப் பாத்தேம்மா. வாய் வரல"ன்னாரு. உங்க வாய் வராததுக்கு நான் ஒரு வருஷம் வீட்டுல உக்காரணுமாண்ணே?

அடுத்து அப்பாவே ஆளைச் சொன்னாரு. "வா, நம்ம அண்ணாச்சிகிட்டயே கேட்டுருவோம்."

அண்ணாச்சின்னா அப்பா வேலை பாக்குற பிரஸ் முதலாளி. எனக்கு உடனே தெம்பு வந்துருச்சு. ஏன்னா, அவரு முகத்துக்கு நேரா பேசுறதுல பேர் எடுத்தவரு. ஷீட்ல கடுகளவு கறை இருந்தாலும் "தூக்கி எறிலே"ன்னு சொல்ற மனுஷன். கடுகளவு கறைக்கே அப்படின்னா, என் இயற்பியல் மார்க்குக்கு என்ன சொல்லுவாரு! இங்க கண்டிப்பா ஒரு "கிடைக்காது" கிடைக்கும்னு நம்பித்தான் போனேன்.

பிரஸ்ல மிஷின் சத்தம் காதைக் கிழிச்சுச்சு. தீபாவளி சீசன் லேபிள் எல்லாம் இப்பத்தான் ஓடும். அங்கன யாரும் பேச மாட்டாங்க, எல்லாரும் கத்துவாங்க. அண்ணாச்சி டிசைன் போடுற அண்ணனைப் போட்டுக் காய்ச்சிகிட்டு இருந்தாரு.

"ஏலே, பாம்பு மாத்திரைக்கு நீ என்னத்தப் படம் போட்டு வச்சிருக்க? இது பாம்பா, மண்புழுவா? பார்ட்டி வேணாம்னுட்டான்! சாயங்காலத்துக்குள்ள புது லேபிள் ஓடலைன்னா ஆர்டர் போயிரும்லே!"

பாம்பு மாத்திரை தெரியும்ல? பத்த வச்சா கருப்பா நெளிஞ்சு நெளிஞ்சு பாம்பு மாதிரி வளருமே, அதுதான்.

அப்பா கும்பிட்டாரு. "அண்ணாச்சி, இது எம் மக."

"யாரு, டாக்டருக்குப் படிக்கப் போற புள்ளையா?"

"அதைத்தான் கேக்க வந்தோம் அண்ணாச்சி. சீட்டு கிடைக்காதுன்னு சொல்லிகிட்டே திரியுறா. நீங்கதான் வெவரம் சொல்லணும்."

நான் குறுக்க புகுந்தேன். "கட்-ஆஃப் நூத்தி எழுபத்தாறரை அண்ணாச்சி. உள்ளதைச் சொல்லுங்க."

அண்ணாச்சி வாயைத் திறந்தாரு. சத்தியமாச் சொல்றேன், "கி" வரைக்கும் வந்துருச்சு. அப்புறம் அப்பா மூஞ்சியைப் பாத்தாரு. அதே மூஞ்சி. துண்டு கக்கத்துல. அந்த மூஞ்சியை ஒரு பையில போட்டு வீட்டுலயே விட்டுட்டு வந்திருக்கணும்.

"கிடைக்காம எங்க போகும்? அதெல்லாம் கிடைக்கும் தாயி!"

சொல்லிட்டு, என்னை ஏற இறங்கப் பாத்தாரு. டிசைன் அண்ணனைப் பாத்தாரு. மறுபடி என்னைப் பாத்தாரு. கண்ணு பளபளன்னு ஆச்சு.

"ஏலே! மாத்திரைக்கு யாரு படம் பொருத்தம்? டாக்டர் படம்! இந்தப் புள்ளைய வெள்ளைக் கோட்டு போட்டு நிறுத்து. தோள் பக்கமா ஒரு பாம்பை விடு. டாக்டர் மார்க்குன்னு போடு. எவன் வேணாம்பான்?"

"அண்ணாச்சி, நான் டாக்டர் இல்ல!"

"ஆகப் போறேல்ல? தீபாவளிக்கு எப்படியும் காலேஜ்ல இருப்ப. நாங்களும் அட்வான்ஸாத்தான் அடிப்போம்."

போட்டோ கேட்டாங்க. என்கிட்ட இருந்தது ஒரே ஒரு போட்டோ. கையோட கொண்டு வந்த அப்ளிகேஷன்ல ஒட்டினது.

"அது காலேஜுக்கு!"ன்னேன்.

"அதான் மெடிக்கல் போறியே, இந்தக் காலேஜ் எதுக்கு?"ன்னு கேட்டுகிட்டே டிசைன் அண்ணன் நகத்தை விட்டுக் கிளப்பிட்டாரு. போட்டோ வந்துச்சு. தாடை வரல. அது அப்ளிகேஷன்லயே தங்கிருச்சு.

"பரவால்ல, தாடைய நான் வரைஞ்சுக்கிறேன்"ன்னாரு.

கொஞ்ச நேரத்துல, அச்சுக்கு முந்தி சரிபாக்குற ப்ரூப் தாள் வந்துச்சு. பாத்தேன்.

கழுத்துக்கு மேல நான். கழுத்துக்குக் கீழ இன்டர்நெட்டுல எடுத்த ஏதோ ஒரு வெள்ளைக்காரம்மா. மூஞ்சி நாரணாபுரம் வெயில்ல காஞ்ச கலரு, கை ரெண்டும் பால் கலரு. தோள் பக்கத்துல ஒரு பாம்பு, அதுக்கு நீளமா கண் இமை வேற.

நான் இங்கன என்ன செஞ்சிருக்கணும்? "இதை அடிக்காதீங்க"ன்னு சொல்லி ப்ரூப்பைக் கிழிச்சுப் போட்டிருக்கணும். அறிவுள்ளவ அதைத்தான் செய்வா.

நான் என்ன செஞ்சேன்? தப்பைத் திருத்தினேன்.

என்ன பண்றது, தப்பைப் பாத்தா எனக்குக் கை சும்மா இருக்காது. "பாம்புக்கு இமையே கிடையாது அண்ணே! எடுங்க அதை"ன்னேன். எடுத்தாரு.

"பாத்தியா மாரியப்பா!"ன்னாரு அண்ணாச்சி.

"ஸ்டெதஸ்கோப்பைத் தலைகீழா மாட்டியிருக்கீங்க. காதுல வைக்கிறது மேல வரணும்." மாத்தினாரு.

"டாக்டர் மூளைலே இது!"

"கையையும் மூஞ்சியையும் ஒரே கலராக்குங்க." ஆக்கினாரு. வெள்ளைக்காரம்மா கையும் நாரணாபுரம் வந்து சேந்துச்சு.

"சின்னப் பிள்ளைங்க இதை நெசமான மாத்திரைன்னு நினைச்சுத் தின்னுருச்சுன்னா? 'வாயில் வைக்கக் கூடாது'ன்னு கீழ ஒரு வரி போடுங்க."

அண்ணாச்சிக்குத் தலைகால் புரியல. "நாலு சீசனா இந்தச் சரக்குக்கு லேபிள் அடிக்கிறோம், ஒருத்தனுக்காவது இது தோணுச்சா? இவளுக்குச் சீட்டு கிடைக்காட்டி வேற எவளுக்குக் கிடைக்கும்?"

நான் சீட்டு கிடைக்காதுன்னு சொல்ல வந்தவ. பேசப் பேச எனக்கு நானே சீட்டு வாங்கிக் குடுத்துகிட்டு இருந்தேன்.

"எல்லாம் சரியா இருக்கா தாயி?"

"இப்ப சரியா இருக்கு."

"அப்ப ஓகே எழுதி ஒரு கையெழுத்தைப் போடு."

சிவகாசியில ப்ரூப்ல ஓகே போட்டுட்டா பிரம்மா வந்தாலும் நிறுத்த முடியாது. இது எனக்குத் தெரியும். கட்டிங்காரர் மக. என் பள்ளிக்கூட நோட்டு பூரா லேபிள் ஷீட்லதான் அட்டை போட்டிருப்பேன். தெரிஞ்சும் போட்டேன். எல்லாத் தப்பையும் நானே கண்டுபிடிச்சேங்கிற பெருமையில ஒரு கிறுக்குக் கிறுக்கினேன்.

அண்ணாச்சி பேப்பரைத் தூக்கிப் பிடிச்சாரு. "கையெழுத்தைப் பாரு மாரியப்பா! ஒரு எழுத்து புரியுதா? டாக்டர் கையெழுத்து!"

அச்சுப் பிளேட் போட்டாங்க. மிஷின் ஓடுச்சு. ஒரு ஷீட்டுக்கு எம்புட்டு லேபிளோ, அம்புட்டு நான். வரிசை வரிசையா, ஸ்டெதஸ்கோப்போட, பாம்போட, கலர் கலரா வந்து விழுந்தேன். முதல் ஷீட்டை எடுத்து அப்பா ரெண்டு கையிலயும் பிடிச்சுகிட்டு நின்னாரு. மை காயல. அதை மடிக்காம, பதமா, அம்மாகிட்டக் காட்டணும்னு தனியா எடுத்து வச்சாரு.

நான் கடிகாரத்தைப் பாத்தேன். மணி ரெண்டாகப் போகுது. நாலு மணிக்கு ஆபீஸை மூடிருவாங்க. ஒரு "கிடைக்காது" வாங்க வந்து, நாலு கலர் ஆஃப்செட்ல "கிடைக்கும்" அடிச்சாச்சு. கட்டிங் மிஷின் பக்கத்துல ஒரு பேப்பர் கட்டு மேல உக்காந்துட்டேன். அழுகை வர்ற மாதிரி இருந்துச்சு. மை வாடைன்னு நினைச்சுகிட்டேன்.

கண்ணாடி அறைக்குள்ள அண்ணாச்சி போன்ல கத்திகிட்டு இருந்தாரு. மெட்ராஸ் ஏஜென்ட் போலருக்கு. மிஷின் சத்தத்துல வாய் அசையறது மட்டும்தான் தெரிஞ்சுச்சு.

அப்பத்தான் கரண்டு போச்சு.

கரண்டு போறது ஒரு சேதியா? தினம் போறதுதான். ஆனா எல்லா மிஷினும் ஒரே நேரத்துல நின்னு, அம்மாம் பெரிய கொட்டகை பொசுக்குன்னு அமைதியாச்சு. அந்த அமைதிக்குள்ள அண்ணாச்சி குரல் மட்டும் மிஷின் ஓடுற வேகத்துலயே ஓடிகிட்டு இருந்துச்சு.

"...கிடைக்காது சார்! எங்கன கிடைக்கும்? நான் வெவரம் தெரியாமயா சொல்றேன்? எம் மகன் இவளைவிட நல்ல மார்க்கு! மெட்ராஸ்க்கும் சிவகாசிக்கும் நடையா நடந்து செருப்புத் தேஞ்சதுதான் மிச்சம்! ஆமா சார், பாவம்தான்! ஆனா அவ அப்பன் மூஞ்சியப் பாத்துட்டு எப்படி சார் சொல்றது? அதான் லேபிள்லயாவது இருக்கட்டுமேன்னு..."

அங்கன நிறுத்திட்டாரு. தன் குரல் மட்டும் கேக்குதுன்னு அப்பத்தான் தெரிஞ்சிருக்கு. கண்ணாடி வழியா எங்களைப் பாத்தாரு. பிரஸ்ல இருந்த அம்புட்டு பேரும் மிஷினையே பாத்துகிட்டு இருந்தாங்க. நின்னு போன மிஷின்ல என்னத்தப் பாக்குறாங்கன்னு தெரியல.

"ஜெனரேட்டரைப் போடுங்கலே!"ன்னு கத்தினாரு. யாரும் அசையல.

அப்பா கையில இருந்த மையைக் கழிவுத்துணியில துடைச்சாரு. ஒவ்வொரு விரலா துடைச்சாரு. ரொம்ப நேரம் துடைச்சாரு. எனக்குத்தான் அவரைப் பாக்க முடியல. காலையில இருந்து இந்த வார்த்தைக்காக நான்தான் அலைஞ்சேன். வந்ததும், ஐயோ இது அவரு காதுல விழாம இருந்திருக்கலாமேன்னு இருந்துச்சு.

துடைச்சு முடிச்சுட்டு, கண்ணாடிக் கதவுகிட்டப் போயி நின்னாரு.

"அண்ணாச்சி, அரை நாள் லீவு வேணும். விருதுநகர் வரைக்கும் போகணும்."

அண்ணாச்சி எந்திரிச்சே நின்னுட்டாரு. "லோடு வண்டி அங்கனதான் போகுது மாரியப்பா. அதுலயே போங்க. சாப்பிட்டீகளா?" இருபது வருஷத்துல அவரு அப்பாவை "சாப்பிட்டீகளா"ன்னு மரியாதையாக் கேட்டது அதுதான் முதல் தடவையாம். அப்பாவே அப்புறம் சொன்னாரு.

லோடு வண்டியில லேபிள் பண்டல் மேல உக்காந்து போனோம். அப்பா அப்ளிகேஷனை மடியில வச்சு, வண்டி குலுங்கக் குலுங்க, கையெழுத்துப் போட்டாரு.

"அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்"ன்னாரு.

"நானும் அதைத்தானே சொல்லிகிட்டு இருக்கேன்!"

"நீ சொன்ன. நீ என்ன பெரிய மனுஷியா?"

திருத்தங்கல் தாண்டினதும் இன்னொண்ணு கேட்டாரு. "இந்த விலங்கியல் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?"

"தெரியாதுப்பா."

"சரி. அதையாவது உள்ளபடி சொன்னியே."

அப்புறம்தான் அவரு கையெழுத்துக்கு மேல இருந்த கட்டத்தைப் பாத்தேன். அதுல என் தாடை மட்டும் இருந்துச்சு.

விருதுநகர்ல இறங்கினதும் ஸ்டூடியோவுக்கு ஓடினோம். அங்கயும் கரண்டு இல்ல. ஸ்டூடியோக்காரர் வாசல்ல உக்காந்து அட்டையால விசிறிகிட்டு, "நாலரைக்கு வரும்"ன்னாரு. நாலு மணிக்கு ஆபீசை மூடிருவாங்க.

அப்பா, அம்மாவுக்குன்னு எடுத்து வச்சிருந்த ஷீட்டை விரிச்சாரு.

"அப்பா, வேணாம்ப்பா."

சட்டைப் பையில இருந்து பிளேடை எடுத்து, ஸ்டூடியோ வாசல் படியிலயே வச்சு, ஒரு லேபிளைக் கீறி எடுத்தாரு. மயிரிழைகூடக் கோணல் இல்ல. கட்டத்துக்கு அளவெடுத்த மாதிரி உக்காந்துச்சு.

"மூஞ்சிய மட்டும் வெட்டுங்கப்பா!"

"மூஞ்சி மட்டும்னா பொட்டு அளவுக்குத்தான் வரும். கட்டம் காலியாத் தெரியும்."

கட்டிங்காரர் சொன்னா சொன்னதுதான். காலேஜ் ஆபீஸ்ல இருந்த பசை டப்பாவை வாங்கி ஒட்டி, கண்ணாடி போட்ட கிளார்க் சார்கிட்ட நீட்டினோம். மணி நாலாக அஞ்சு நிமிஷம் இருந்துச்சு.

அவரு பாத்தாரு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு மறுபடி பாத்தாரு.

"தோள்ல என்னம்மா அது?"

"பாம்பு சார்."

"கழுத்துல?"

"ஸ்டெதஸ்கோப் சார்."

"என்ன பாடம் கேட்டிருக்க?"

"விலங்கியல் சார்."

"ம்... பாம்பு சரி." கட்டை விரலால படத்தைத் தடவினாரு. காயாத மை, என் வெள்ளைக் கோட்டு பாதி அவரு விரலுக்குப் போயிருச்சு. "டாக்டரா இருந்துகிட்டு எதுக்கும்மா இங்க வந்து பி.எஸ்ஸி. படிக்கணும்?"

நான் திரும்பி அப்பாவைப் பாத்தேன்.

அப்பா துண்டைக் கக்கத்துல வைக்கல. தோள்லயே கிடந்துச்சு. அவரு என் தலைமேல கையை வச்சு, நேரா நின்னு சொன்னாரு:

"அது லேபிள் சார். சரக்கு இங்கன நிக்குது."

கிளார்க் சார் எங்க ரெண்டு பேரையும் பாத்தாரு. அப்புறம் சீலைக் குத்தினாரு. "திங்கக்கிழமைக்குள்ள பாம்பு இல்லாத போட்டோ ஒண்ணு கொண்டு வந்து குடுத்துரு."

சேதி அன்னிக்கு ராத்திரியே தெருவுக்குத் தெரிஞ்சு போச்சு. மறுநாள் வாசல் தெளிக்கும்போது வேன் வந்து நின்னுச்சு. மாடத்தி அக்கா ஜன்னல்ல தலையை நீட்டினாக.

"ஏத்தா, டாக்டர் சீட்டு கிடைக்காதாமே?"

"ஆமாக்கா, கிடைக்காது."

"அது கிடக்குது, விடு." அக்கா இடுப்புல இருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாக. பேரு தேஞ்சு போயி, எந்தக் காலத்து அட்டைன்னே தெரியல. "முட்டி வலிக்குப் பக்கத்து வீட்டுக்காரி குடுத்தா. இதைத் திங்கலாமா?"

என் டாக்டர் வாழ்க்கையில நான் எழுதின ஒரே மருத்துவக் குறிப்பு ஞாபகத்துக்கு வந்துச்சு.

"வாயில வைக்கக் கூடாதுக்கா"ன்னுட்டு உள்ள வந்துட்டேன்.